பிளேன் மேக்கர்: ஒரு செஸ்னா 152 கட்டி முடித்த பிறகு எழுதும் மதிப்பீடு

கம்ப்யூட்டரில் எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டர் வைத்திருக்கும் எல்லோரிடமும், அதற்கு விமானங்களை வடிவமைக்கும் கருவியான பிளேன் மேக்கரும் இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சிமுலேட்டரை நிறுவும்போதே அதே கோப்புறைக்குள் வந்துவிடும். ஆனாலும் நிறைய பேர் அதை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். நானும் பல வருடம் திறக்காமல்தான் இருந்தேன், விமானம் வேண்டுமென்றால் யாராவது செய்ததை வாங்கிப் பறப்பதோடு சரி. கடைசியில் திறந்து, மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலுமாகப் பத்து மாதம் உட்கார்ந்து, செஸ்னா 152 ஒன்றை வெற்றுத் திரையிலிருந்து கட்டினேன். இப்போது அது பறக்கிறது, அதுவும் நிஜ விமானத்தின் கையேட்டில் உள்ள எண்களை ஒட்டியே பறக்கிறது. பிளேன் மேக்கரையும், அதோடு சேர்த்துப் பயன்படுத்திய மற்ற கருவிகளையும் பற்றி எனக்குத் தெரிந்ததை விவரமாக எழுதுகிறேன், இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஏன் 152 என்று சொல்லிவிடுகிறேன். 1977 முதல் 1985 வரை தயாரான இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் இது. ஒரே எஞ்சின், பிட்ச் (தகட்டின் திருகுக் கோணம்) மாறாத ப்ரொப்பெல்லர், உள்ளே மடங்காத சக்கரங்கள். இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானாகவே இறங்கி எஞ்சினுக்கு வருகிறது, அதற்கென்று பம்ப்கூடக் கிடையாது. எரிபொருள் வால்வுக்கு இரண்டே நிலைதான், திறப்பு அல்லது மூடல். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் இருந்த விமானம் என்பதால் கையேடு எளிதில் கிடைக்கும். முதல் முயற்சியிலேயே ஏர்பஸ் செய்யக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினி ஒன்றை மட்டும் ஒழுங்காக எழுதவே ஒரு குழுவுக்கு வருடங்கள் ஆகும். சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு அதில் எதையும் விடாமல் செய்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சரி, கருவிக்கு வருவோம். பிளேன் மேக்கரில் நான் மதிக்கும் விஷயம் இதுதான்: விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லவே முடியாது. எவ்வளவு வேகத்தில் ஸ்டால் ஆக (இறக்கை தூக்குவிசையை இழக்க) வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை அடி ஏற வேண்டும் என்றெல்லாம் கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. இறக்கை எவ்வளவு நீளம், அடியில் எவ்வளவு அகலம், நுனியில் எவ்வளவு அகலம், எத்தனை டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, எந்த ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்), எடை எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்கும். 1995-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே எக்ஸ்-பிளேன் நம்பியிருப்பது பிளேடு எலிமென்ட் முறையை. இறக்கை, வால், ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ஒரு நொடிக்குள் பலமுறை கணக்கிட்டு, வரும் விசைகளையெல்லாம் கூட்டுகிறது. பறப்பு என்பது அந்தக் கூட்டலின் விளைவு. ஃபிளைட்கியர் என்ற இன்னொரு சிமுலேட்டரில் பயன்படும் ஜேஎஸ்பிசிம் போன்ற பறப்புக் கணக்கு நிரல்கள் போகும் வழி வேறு. அங்கே இந்தக் கோணத்துக்கு இவ்வளவு தூக்குவிசை, இவ்வளவு இழுவிசை என்று அட்டவணைகளைக் கொடுக்க வேண்டும். காற்றுச் சுரங்கச் சோதனைத் தரவு கையில் இருப்பவருக்கு அது அருமையான வழி. என்னைப் போலக் கையேடும் மூன்று கோணப் படமும் மட்டும் வைத்திருப்பவருக்கு வடிவத்திலிருந்து தொடங்கும் பிளேன் மேக்கர்தான் வசதி.

வசதி என்று சொன்னதை எளிமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்ததும் வரிசை வரிசையாக எண் கட்டங்கள்தான் கண்ணில் படும். எல்லாத் தூரமும் ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து அடியில் அளக்கப்படுகிறது, அந்தப் புள்ளியை நாமே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் பாதி வழியில் மாற்றினால் போட்ட எண்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். தவறான எண்ணைக் கொடுத்தால் அது தவறு என்று கருவி சொல்லாது, சொல்லவும் முடியாது, ஏனென்றால் வால் இரண்டு அடி முன்னால் இருக்கும் விமானமும் அதற்கு ஒரு விமானம்தான். கூடவே வரும் செஸ்னா 172-இன் கோப்பை முதலில் திறந்து, ஒவ்வொரு திரையிலும் என்னென்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்தேன். அதைவிட நல்ல பாடம் எங்கும் கிடைக்காது. ஆனால் அதையே எடுத்து அளவைக் குறைத்து 152 ஆக்கிவிடலாம் என்று போக வேண்டாம். எந்த எண் நாம் போட்டது, எந்த எண் ஏற்கெனவே இருந்தது என்பது பிறகு தெரியாமல் போய்விடும்.

இந்தப் பத்து மாதத்தில் அதிகமாகக் கற்றுக்கொண்டது ப்ரொப்பெல்லரிடம்தான், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். 152-இல் இருப்பது 110 குதிரைத்திறன் கொண்ட லைக்கமிங் ஓ-235 எஞ்சின், உச்சச் சுழற்சி 2,550 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). ஆனால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்றபடி, எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினால் முள் 2,550-க்குப் போகக் கூடாது. கையேட்டின்படி 2,280-க்கும் 2,380-க்கும் இடையில் நிற்க வேண்டும். பிட்ச் மாறாத ப்ரொப்பெல்லர் என்பதால், நின்ற நிலையில் அது காற்றை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது, சுமை கூடுகிறது, சுழற்சி குறைகிறது. விமானம் வேகமெடுக்க எடுக்க அந்தச் சுமை இளகி ஆர்பிஎம் ஏறும். என் விமானத்தில் முதல் நாள் நின்ற இடத்திலேயே 2,500-ஐத் தாண்டியது. பறக்கும்போது பாதி த்ராட்டிலிலேயே சிவப்புக் கோட்டைத் தொட்டது, ஆனால் விமானத்தை முன்னால் இழுக்கும் விசை போதவில்லை.

எஞ்சின் எண்களில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு வாரம் அங்கேயே தேடினேன். தப்பு இருந்தது பிட்ச் கோணத்தில். இந்த ப்ரொப்பெல்லரின் விட்டம் 69 அங்குலம், பிட்ச் 58 அங்குலம், அதாவது மரத்தில் திருகாணி இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு 58 அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கில் திருகப்பட்டது. இதைக் கோணமாக மாற்றினால் நுனியில் சுமார் 15 டிகிரி வரும், மையத்திலிருந்து முக்கால் தூரத்தில் பார்த்தால் சுமார் 20 டிகிரி வரும், ஏனென்றால் உள்ளே போகப் போகத் தகடு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. நான் நுனிக் கோணத்தை மொத்தத் தகட்டுக்கும் கொடுத்திருந்தேன். முக்கால் தூரத்துக் கணக்கைக் கொண்டு திருத்தினேன். அடுத்த ஓட்டத்தில் நின்ற நிலையில் 2,340, கையேடு சொன்ன எல்லைக்கு நடுவில். எந்த இடத்திலும் 2,340 என்று நான் எழுதவில்லை. தகட்டின் வடிவத்தைச் சரியாகச் சொன்னேன், அந்த எண் தானாக வந்தது. அன்று ராத்திரி தூங்க ரொம்ப நேரம் ஆனது.

அப்புறம் ஏறும் வேகம். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி என்கிறது கையேடு. எனக்கு 630-ஐத் தாண்டவில்லை. 110 என்று இருக்கும் கட்டத்தில் 120 என்று மாற்றினால் இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும், சந்தையில் உள்ள சில விமானங்கள் அப்படித்தான் சரிசெய்யப்பட்டிருக்குமோ என்று ஓட்டும்போது எனக்குத் தோன்றியதுண்டு. அதைச் செய்யவே கூடாது. ஏறும் வேகம் சரியாகிவிடும், கூடவே ஓடுபாதை தூரம், உச்ச வேகம், எரிபொருள் செலவு மூன்றும் கெடும், பிறகு அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பொய் எண் போட்டுக்கொண்டே போக வேண்டும். என் விஷயத்தில் விமானத்தில் தப்பே இல்லை. சிமுலேட்டரில் அன்றைய வானிலை 30 டிகிரி வெப்பமாக இருந்தது. கையேட்டின் எண் 15 டிகிரி தர வளிமண்டலத்துக்கு உரியது. வெப்பநிலையைக் குறைத்ததும் 700-ஐத் தாண்டி ஏறியது. சோதனை செய்யும்போதெல்லாம் நிகழ்நேர வானிலையை அணைத்துவிட்டு, வெப்பம், அழுத்தம், காற்று மூன்றையும் கையால் அமைத்துக்கொள்ளுங்கள், எடையையும் முழு 1,670 பவுண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-பிளேனின் தரவு வெளியீட்டு வசதி எல்லா அளவுகளையும் திரையிலும் காட்டும், கோப்பிலும் எழுதும். அதில்லாமல் இந்த வேலையை நான் முடித்திருக்கவே முடியாது.

ஸ்டால் விஷயத்தில் நான் முதலில் ஏமாந்தேன். ஃபிளாப் (மெதுவேகத்தில் தூக்குவிசையைக் கூட்டும் இறக்கை மடிப்பு) இறக்காமல், எஞ்சினைத் தணித்து, மூக்கை மெதுவாக உயர்த்திக்கொண்டே போனால் 42 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் இறக்கை விட்டுக்கொடுத்தது. வேகமானியில் இந்த ஸ்டால் வேகத்தைக் குறிக்கும் பச்சை வளைவின் தொடக்கம் 40-இல் இருக்கிறது, ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கையேட்டின் ஸ்டால் அட்டவணையைத் திரும்பப் படித்தபோதுதான் இரண்டு பத்திகள் இருப்பதை ஒழுங்காகக் கவனித்தேன். முள் காட்டுவது 40 நாட், ஆனால் பிழை நீக்கிய வேகம் 48 நாட். மூக்கு உயர்ந்திருக்கும்போது காற்றழுத்தக் குழாய்க்குள் காற்று நேராகப் போகாததாலும், குழாய்களின் இருப்பிடத்தாலும், நிஜ 152-இன் முள் மெதுவேகத்தில் அவ்வளவு குறைத்துக் காட்டுகிறது. என் விமானத்தின் முள் பிழையே இல்லாத வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் என் இறக்கை இருக்க வேண்டியதைவிட 6 நாட் மெதுவாகப் பறந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

இங்கேதான் கூடவே வரும் ஏர்ஃபாயில் மேக்கர் கைகொடுத்தது. 152-இன் இறக்கை நாக்கா 2412 வகை. நான் எடுத்திருந்த கோப்பு இதைவிட வேகமான, பெரிய இறக்கைகளின் நிலைமைக்குப் பொருந்துவது, அதனால் தூக்குவிசையின் உச்சம் தாராளமாக இருந்தது. 152 ஸ்டால் ஆகும் வேகத்தில் ரெய்னால்ட்ஸ் எண் (வேகத்தையும் இறக்கையின் அகலத்தையும் வைத்துக் காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) சுமார் 25 லட்சம்தான் வரும், அந்த நிலைமைக்கு வளைவை இறக்கினேன். இறக்கை நுனிக்குப் போகப் போகக் கோணம் கொஞ்சம் குறைவதையும் நான் கொடுக்காமல் விட்டிருந்தேன், அதையும் சேர்த்தேன். பிறகு 47 நாட்டில் ஸ்டால் ஆனது. அதைவிட முக்கியம், ஸ்டால் ஆகும் விதமே மாறியது. முன்பு இறக்கை முழுக்க ஒரே நேரத்தில் விட்டுவிடும். இப்போது அடிப்பகுதி முதலில் விடுகிறது, நுனிப் பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் விமானத்தை உருட்டும் ஏலரான் வேலை செய்கிறது, முதலில் ஒரு நடுக்கம், அப்புறம் மூக்கு மெதுவாகத் தாழ்கிறது. பறப்பு மாதிரியைத் திரையிலேயே காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், இறக்கைத் துண்டுகளின் விசைக் கோடுகள் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சுருங்குவது தெரியும். புதிதாக இறங்குபவர்கள் இந்த ஒரு காட்சிக்காகவாவது அந்த வசதியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிலைமம் பற்றி ஒரு வார்த்தை. எடைத் திரையில் மூன்று அச்சுகளுக்கும் சுழல் ஆரம், அதாவது எடை அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்ற அளவு, கேட்கும். பலரும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அது தப்பாக இருந்தால் எல்லாச் செயல்திறன் எண்ணும் சரியாக இருந்தும் விமானம் காகிதம் மாதிரி ஆடும். 152-இல் எரிபொருள் இறக்கைக்குள் இருக்கிறது, இரண்டு தொட்டியும் நிரம்பியிருக்கும்போது உருள்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டும். இதற்குக் கையேட்டில் எண் கிடையாது. எஞ்சின், ஆட்கள், இறக்கை, வால் என்று எடைகளைத் தனித்தனியாக வைத்து நானே கணக்குப் போட்டேன். இதைச் சரிபார்க்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை, 152-இல் பறந்த ஒரு நண்பரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஓட்டச் சொன்னேன். ஏலரான் போதுமான கனம் என்றார், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இன்னும் லேசாக இருக்கிறது என்றார். எலிவேட்டரை இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளித்தோற்றத்துக்கு வந்தால், பிளேன் மேக்கரில் இழுத்து வரையும் உடல் வெறும் கணக்குக்குத்தான். கண்ணுக்கான வடிவத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் செய்து, எக்ஸ்-பிளேன்-டு-பிளெண்டர் என்ற இணைப்பு வழியாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டும் இலவசம், இரண்டுமே திறந்த மூல மென்பொருள். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று முதலில் ஒரு இணையக் கடையில் 152-இன் தயார் முப்பரிமாண மாதிரியை வாங்கினேன், கடையின் பெயர் வேண்டாம். விளம்பரப் படங்களில் பார்க்க அருமையாக இருந்தது. மூன்று கோணப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கதவு பெரிது, மூக்குச் சக்கரம் அரை அடி முன்னால், இறக்கைத் தாங்குகோல் வேறு இடத்தில். கதவுக் கைப்பிடி ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான முக்கோணங்கள், ஆனால் காக்பிட்டில் கருவிகள் வெறும் படமாக ஒட்டியிருந்தன. மூன்று வாரம் திருத்திப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, கோப்பைப் பதிவிறக்கிவிட்டால் திருப்பித் தருவதில்லை என்று பதில் வந்தது. விமான மாதிரி வாங்குவதாக இருந்தால், பக்கவாட்டிலிருந்து எடுத்த கம்பிவலைப் படத்தைக் கேட்டு வாங்கி அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். படம் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

எக்ஸ்-பிளேன்-டு-பிளெண்டர் நன்றாகவே வேலை செய்கிறது. சிமுலேட்டருக்குள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதை டேட்டாரெஃப் என்கிறார்கள். பிளெண்டரில் முள்ளைச் சுழற்றி, இந்த டேட்டாரெஃப் இவ்வளவு என்றால் முள் இந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கட்டங்களில் குறித்தால் போதும். வேகமானியின் அளவுக்கோடுகள் சம இடைவெளியில் இல்லை என்பதால் இரண்டு புள்ளி போதாது, நான் பத்துக்கு மேல் வைத்தேன். மேலே சொன்ன 40, 48 சிக்கலையும் இங்கேதான் தீர்த்தேன். உண்மையில் 48 ஆக இருக்கும்போது முள் 40-ஐக் காட்டும்படி, ஃபிளாப் முழுதாக இறங்கிய நிலையின் 43-க்கு 35-ஐக் காட்டும்படி, மேலே போகப் போகப் பிழை மறையும்படி. இப்போது ஸ்டால் பயிற்சியில் முள் நிஜ விமானத்தில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அமைப்புகளில் பெரும்பகுதிக்கு நிரல் எழுத வேண்டியே வரவில்லை. செயற்கை அடிவானமும் திசைக் கருவியும் எஞ்சின் ஓட்டும் வெற்றிடப் பம்பில், திருப்பக் கருவி மின்சாரத்தில் என்று பிளேன் மேக்கரிலேயே பிரித்துக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் பம்ப் பழுதாகும்போது எது சாய்கிறது, எது நிற்கிறது என்பதைச் சிமுலேட்டரே பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டர் உறைபனியும் அப்படித்தான், ஈரமான நாளில் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது ஆர்பிஎம் மெல்லச் சரிவதைப் பார்த்துவிட்டு வெப்பக் குமிழை இழுப்பது பயிற்சிக்கு ரொம்ப நல்லது. மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையில் 1,700 ஆர்பிஎம்மில் இறக்கம் 125-க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இருந்தது. ஃபிளாப் நெம்புகோல் 10-லும் 20-லும் தடுப்பில் முட்டி நிற்பது, ஜன்னல் தாழ்ப்பாள், கட்டுப்பாட்டுப் பூட்டு இவற்றுக்கு மட்டும் லுவா என்ற நிரல்மொழியில் சின்னச் சின்ன நிரல்கள். ஒலியில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை, அது தனி வித்தை.

யாருக்கு இது சரிவரும்? கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு எண் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் தேடப் பொறுமை உள்ளவர்களுக்கு பிளேன் மேக்கரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது, எந்த எண் எதைப் பாதிக்கும் என்பதைத் திரையைப் பார்த்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது என்பதற்காக. அழகான விமானத்தைச் சீக்கிரம் பறக்கவிட வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் நல்ல விமானமாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் நின்ற நிலை ஆர்பிஎம், ஸ்டால் வேகம், ஏறும் வேகம் மூன்றையும் யாராவது சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

தொடங்குகிறவர்கள் ஒரு பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணை மாற்றுவதற்கு முன்னும் விமானக் கோப்புக்குத் தேதியிட்டு ஒரு பிரதி, என்ன மாற்றினோம் என்று ஒரு நோட்டில் ஒரு வரி, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். என்னிடம் இப்போது 214 பிரதிகள் இருக்கின்றன, ப்ரொப்பெல்லர் சரியானது 61-ஆவதில்.